உடற்கூறு வகுப்பில் ஸ்கேன் படங்கள்: கால்மாட்டில் நின்று பார்க்கப் பழகுதல்

டிசம்பர் மாதம், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் லிச்சி பழுக்கும் காலம். டர்பனுக்கு வடக்கே கரும்புக் காடுகளுக்கு நடுவில் ஒரு சிறிய மருத்துவமனையில் என் கட்டாயச் சேவை ஆண்டில் இருந்தேன். இரவு ஒன்பது மணி வாக்கில் எட்டு வயதுப் பையன் ஒருவனை அவன் ஆயா, அதாவது பாட்டி, அழைத்து வந்தார். மரத்திலிருந்து விழுந்திருக்கிறான். இடது முழங்கை வீங்கிப்போய், நீட்டச் சொன்னால் நீட்ட முடியவில்லை. சுண்டுவிரல் மரத்துப்போனதுபோல் இருக்கிறது என்றான். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்ததும் ஆயாவுக்குத் தமிழ் வந்துவிட்டது. "எலும்பு ஒடியலயே தம்பி?"

எக்ஸ்ரே எடுத்தோம். முழங்கை மூட்டின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு எலும்புத் துண்டு தெரிந்தது. பிள்ளைகளின் முழங்கையில் தனித்தனியாக எலும்பு முளைக்கும் இடங்கள் உண்டு என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. அதில் ஒன்றாக இருக்கும் என்று முடிவு செய்தேன். ஒடியவில்லை ஆயா, அடிபட்ட வீக்கம்தான் என்று சொல்லி, கையைத் தூக்குத் துணியில் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை, முப்பது வருடமாக அங்கே எக்ஸ்ரே எடுத்துவந்த அக்கா அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்தப் பையனுக்கு வயது எட்டு, அப்படியானால் உள்பக்க எலும்பு மேடு எங்கே? நான் பார்த்தேன். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அது பிய்ந்து, மூட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டிருந்தது. நான் முளைக்கும் எலும்பு என்று நினைத்தது அந்தப் பிய்ந்த மேட்டைத்தான். பையனை உடனே திரும்ப வரவழைத்து டர்பனுக்கு அனுப்பினோம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை சரியாகிவிட்டது.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்த எலும்பு மேட்டுக்குப் பின்னால்தான் சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது. முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுரீரென்று சுண்டுவிரல் வரை ஓடுமே, அதே நரம்பு. மருத்துவப் படிப்பின் தொடக்கத்தில் என் கையாலேயே அதை அறுத்துப் பிரித்து எடுத்திருக்கிறேன். தேர்வில் அதை வரைந்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பையன் சுண்டுவிரல் மரத்திருக்கிறது என்கிறான், எலும்பு மேடு படத்தில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. உடற்கூறு எனக்குத் தெரியும், எக்ஸ்ரேவும் ஓரளவு தெரியும். இரண்டையும் எனக்கு வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு கட்டடத்தில், வெவ்வேறு ஆட்கள் சொல்லித்தந்திருந்தார்கள்.

இப்போது நானே மாணவர்களுக்கு ஸ்கேன் படங்களை வைத்து உடற்கூறு சொல்லித்தருகிறேன். முதல் ஆண்டின் முதல் வாரத்திலேயே, உடலை அறுக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே படமும் இருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு அந்தப் பையனின் முழங்கை ஒரு காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உடற்கூறு மண்டபத்துக்கு வருகிற உடல்களில் பெரும்பாலானவை பெரியவர்களுடையவை, அதிலும் முதியவர்கள் அதிகம். எட்டு வயதுப் பிள்ளையின் முழங்கையை எந்த மாணவரும் அறுத்துப் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் முழங்கையில் பெரும்பகுதி குருத்தெலும்பு, அது எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்குள் ஆறு இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக எலும்பு முளைக்கிறது. தோராயமாக 1, 3, 5, 7, 9, 11 வயதுகளில். பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முந்தியே வந்துவிடும். வயது முன்பின் ஆகலாம், வரிசை அநேகமாக மாறாது. உள்பக்க மேடு 5 வயது வாக்கில் வருகிறது. நான் அந்தத் துண்டைப் பார்த்த இடத்தில் முளைக்க வேண்டிய எலும்பு 7 வயது வாக்கில்தான் வரும். ஆக, பின்னால் வர வேண்டியது தெரிந்து, முன்னால் வர வேண்டியது காணவில்லை என்றால், எதுவோ இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த அக்கா கேட்ட கேள்வியின் சூட்சுமம் இதுதான்.

சரி, இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன? எக்ஸ்ரே கதை பலருக்கும் தெரியும். 1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் கண்டுபிடித்தார், அடுத்த மாதமே மனைவியின் கையை மோதிரத்தோடு படம் பிடித்தார். ஆனால் உடலைக் குறுக்கே வெட்டினாற்போலக் காட்டும் சிடி ஸ்கேனின் கணக்கு தொடங்கியது தென்னாப்பிரிக்காவில் என்பதை எங்கள் மாணவர்களிலேயே பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

ஆலன் கோர்மாக் ஜோகன்னஸ்பர்க்கில் 1924இல் பிறந்தவர், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். அந்த நாட்களில் மருத்துவமனையில் கதிரியக்கப் பொருள்களைக் கையாள ஒரு இயற்பியலாளர் மேற்பார்வை வேண்டும் என்று சட்டம். க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் அந்த வேலைக்கு ஆள் இல்லாததால், 1956இல் சில மாதங்கள் பகுதி நேரமாக அவர் போனார். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது உடல் முழுக்க ஒரே மாதிரிப் பொருளால் ஆனது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதைப் பார்த்தார். எலும்பும் நுரையீரலும் ஒன்றா? உடலுக்குள் எந்த இடம் எவ்வளவு கதிரை உறிஞ்சுகிறது என்பதை வெளியே இருந்தபடியே அளந்து கண்டுபிடிக்க முடியுமா என்று யோசிக்கத் தொடங்கினார். பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, வெளியே வருவதை அளந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம் என்பது அவர் கண்ட வழி.

அவருடைய முதல் சோதனைப் பொருள் ஒரு வட்டமான அலுமினியத் தகடு, அதைச் சுற்றி ஓக் மர வளையம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அலுமினியத்தின் நடுவில் மட்டும் எண் கொஞ்சம் குறைந்து வந்தது. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. பட்டறைக்காரர் தகட்டின் நடுவில் ஏறத்தாழச் சுத்தமான அலுமினியத்தில் ஒரு சிறு முளையை வைத்திருந்தார், மற்றப் பகுதியெல்லாம் கலப்பு உலோகம். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்தைக் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்கு இந்தச் சம்பவம் மிகவும் பிடிக்கும். முதல் வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் இருந்ததில்லை.

1963, 1964 ஆண்டுகளில் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளை மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்தின் கடிதமும் ஒன்று. பிறகு இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் தனியாக வேலை செய்து இயந்திரத்தையே கட்டினார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது. 1979இல் இருவருக்கும் நோபல் பரிசு.

உடலைக் குறுக்கே அறுத்துப் பார்க்கும் ஆசை அதற்கும் முந்தியது. 1850களில் ரஷ்ய அறுவை மருத்துவர் பிரகோவ், குளிரில் உறைந்த உடல்களைத் தட்டுத் தட்டாக அறுத்துப் படம் போட்டார். அப்போது அதை வைத்து நோயாளிக்குச் செய்ய அதிகம் எதுவும் இருக்கவில்லை. சிடி வந்த பிறகுதான் அந்தத் தட்டுகள் அன்றாடப் பாடமாயின.

தட்டைப் படிப்பது என்பது தனியாகப் பழக வேண்டிய விஷயம். வீட்டில் வெண்டைக்காய் நறுக்கியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல அறைகள், ஒவ்வொன்றிலும் விதை. நீளவாக்கில் வெட்டினால் விதைகள் வரிசையாக நிற்கும். சாய்த்து வெட்டினால் இரண்டுமில்லாமல் இழுபட்ட வடிவம் வரும். வெண்டைக்காயையே பார்த்திராதவரிடம் அந்த நட்சத்திரத்தை மட்டும் காட்டினால் முழுக் காயை மனதில் கட்ட அவரால் முடியுமா? முதல் நாள் மாணவர் நிற்பது அந்த இடத்தில்தான். வயிற்றுக்குள் நேராக இறங்கும் பெருந்தமனி சிடியில் அழகான வட்டமாகத் தெரியும். முதுமையில் அது வளைந்து நெளிந்துவிட்டால் அதே தமனி நீள்வட்டமாகத் தெரியும். அது வீங்கிவிட்டது என்று மாணவர்கள் பயந்துவிடுவார்கள். சாய்ந்து வெட்டுப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த தடுமாற்றம் இடமும் வலமும். சிடி படத்தில் நோயாளியின் கல்லீரல் நமக்கு இடப்பக்கம் தெரிகிறது. உடலில் அது வலப்பக்கம் அல்லவா? இதற்கு ஆங்கிலத்தில் எவ்வளவு விளக்கினாலும் மாணவர் முகத்தில் குழப்பம் போகாது. நம் மொழியில் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது: கால்மாடு. நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். நாம் அவர் கால்மாட்டில் நின்று, கால் வழியாகத் தலைமாட்டை நோக்கிப் பார்க்கிறோம். அவருடைய வலக்கை நம் இடக்கைப் பக்கம் இருக்கும். என் வகுப்பில் ஜூலு பேசும் பிள்ளைகளும் உண்டு, தமிழ் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. கால்மாடு என்ற சொல்லை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். மேசையின் கால்மாட்டில் போய் நின்று, முன்னால் கிடக்கும் உடலையும் திரையில் தெரியும் தட்டையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்வேன். ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

மூன்றாவது, சாம்பல் நிறத்தின் கணக்கு. சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு, ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரால் அழைக்கிறார்கள். தண்ணீர் 0. காற்று கழித்தல் 1000. கொழுப்பு கழித்தல் 100 வாக்கில். கல்லீரல் 50, 60. உறைந்த புது ரத்தம் அதைவிடக் கொஞ்சம் கூட. எலும்பு பல நூறு, கெட்டியான எலும்பு ஆயிரத்தையும் தாண்டும். இத்தனை எண்களையும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாகக் காட்டினால் மனிதக் கண்ணுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் ஒரு சன்னல் திறப்பது மாதிரி, வேண்டிய எண்களை மட்டும் விரித்துப் பார்க்கிறோம். நுரையீரலுக்குத் திறந்த சன்னலில் ரத்தக் குழாய்கள் மரக்கிளைகளைப் போலப் பரவியிருப்பது தெரியும், இதயம் வெறும் வெள்ளைத் திட்டு. தசைக்குத் திறந்த சன்னலில் இதயம் தெரியும், நுரையீரல் வெறும் கறுப்பு. உடல் ஒன்றுதான், தட்டும் ஒன்றுதான்.

இதைக் கற்பிக்க நான் ஒரு தேங்காயை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். நார் உரிக்காத முழுத் தேங்காய். வெளியே நார், அதற்குள் காற்று நிறைய இருப்பதால் கருமையாக இருக்கிறது. அப்புறம் ஓடு, வெள்ளையாக ஒரு வளையம். அதற்குள் பருப்பு. நடுவில் தண்ணீர், ஏறக்குறைய 0. தண்ணீருக்கு மேலே காற்று, முழுக் கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேரான மட்டம். தேங்காயை எப்படி உருட்டி வைத்தாலும் அந்த மட்டம் தரைக்கு இணையாகத்தான் இருக்கும். பூசைக்குத் தேங்காய் உடைத்துப் பழகிய பிள்ளைகள் படத்தைப் பார்த்ததுமே சிரித்துக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள். பிறகு கத்திக்குத்துப் பட்ட ஒருவரின் மார்பு எக்ஸ்ரேயைக் காட்டுவேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோது எடுத்த படம். நுரையீரலைச் சுற்றிய இடைவெளியில் கீழே ரத்தம், மேலே காற்று, நடுவில் அதே நேர்க்கோடு. தேங்காயை நினைவில் வைத்திருப்பவர் அந்தக் கோட்டைத் தவறவிடமாட்டார். உடலில் வளைவில்லாத நேர்க்கோடு அபூர்வம். அதைக் கண்டால் காற்றும் திரவமும் சந்திக்கின்றன என்று எண்ண வேண்டும்.

உயிருள்ள உடலுக்கும் மேசையில் கிடக்கும் உடலுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான். கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறிய உடல் கெட்டிப்பட்டிருக்கும். கல்லீரல் பலகைபோல இருக்கும், நுரையீரல் சுருங்கியிருக்கும், எல்லாமே ஒரே பழுப்பு நிறம். பாடப் புத்தகங்களில் இந்த உறுப்பு இந்த விலா எலும்புக்கு நேரே என்று எழுதியிருப்பதில் பல, இறந்த உடல்களை வைத்து அளந்தவை. அண்மைக் காலத்தில் உயிருள்ளவர்களின் சிடி படங்களை வைத்துத் திரும்ப அளந்தபோது சில இடங்களில் புத்தகம் மாற வேண்டியிருந்தது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மூச்சு விடுகிற உடலில் எதுவும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

அல்ட்ராசவுண்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வகுப்பில் ஒரு மாணவர் முன்வந்து படுப்பார். வலது விலாவின் கீழே ஜெல் தடவி, கருவியை வைத்து, மூச்சை நன்றாக இழுத்துப் பிடி என்போம். கல்லீரல் திரையில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். அதன் பின்னாலேயே சிறுநீரகமும் அவரை விதைபோல நழுவி இறங்கும். மூச்சை விட்டதும் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும். பார்க்கிற பிள்ளைகள் அந்த நேரம் தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தக் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கிறது. மேசையில் கிடக்கும் உடலில் அதைக் காட்டினால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது, இரண்டு உறுப்புகள் ஒட்டியிருக்கும் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். பெயரை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் மல்லாந்து படுத்திருக்கும் ஒருவருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால், அது முதலில் வந்து தேங்கும் பள்ளங்களில் அதுவும் ஒன்று. அல்ட்ராசவுண்டில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில் கறுப்பாக ஒரு கீற்று தெரியும். சனிக்கிழமை இரவு டர்பனில் எந்த அவசர சிகிச்சைப் பிரிவிலும் மருத்துவர் முதலில் தேடுகிறவற்றில் ஒன்று அந்தக் கீற்று. அது தெரிந்தால் நோயாளி அறுவை அறைக்குப் போகிறார். மடிப்பு என்று மட்டும் படித்தவருக்கு அது பெயர், நண்பன் ஒருவனின் வயிற்றில் அதைத் தேடிப் பார்த்தவருக்கு அது ஒரு இடம். நான் இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் இரண்டு வகுப்பு நீட்டித்து எடுக்கிறேன், பாடத்திட்டம் என்ன சொன்னாலும் சரி.

காசநோயும் எச்ஐவியும் சேர்ந்து வருகிற நாடு இது. மார்பு எக்ஸ்ரேயில் பிடிபடாத காசநோயை அல்ட்ராசவுண்டில் தேடும் முறை ஒன்று தென்னாப்பிரிக்காவின் கிராமப்புற மருத்துவமனைகளில் புழக்கத்துக்கு வந்தது. இதயத்தைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறதா, வயிற்றில் நிணநீர்க் கட்டிகள் பெருத்திருக்கின்றனவா, மண்ணீரலில் புள்ளிபுள்ளியாகக் கறுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மண்ணீரல் எங்கே இருக்கிறது, விலாவுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் இதைச் செய்ய முடியாது. இங்கே படித்து முடிக்கும் ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டு பயிற்சிக்குப் பிறகு ஓராண்டு கட்டாயச் சேவைக்குப் போக வேண்டும். கதிரியக்க நிபுணர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். மலையடிவாரத்து மருத்துவமனையில் இரவு பதினொரு மணிக்கு இருப்பது இந்தப் பிள்ளையும் ஒரு அல்ட்ராசவுண்ட் கருவியும்தான். படத்தை யாராவது நிபுணர் படித்துச் சொல்லிவிடுவார், நீ உடற்கூறைப் படித்தால் போதும் என்று சொல்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. அவர்கள் மனதில் வேறு ஏதோ ஒரு நாடு இருக்கிறது.

உடல்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வியைத் தென்னாப்பிரிக்காவில் யாரும் தாண்டிப்போக முடியாது. இந்த நாட்டின் மருத்துவப் பள்ளிகளுக்கு நீண்ட காலம் வந்துசேர்ந்தவை பெரும்பாலும் யாரும் உரிமை கோராத உடல்கள். ஊரை விட்டு வேலை தேடி வந்து, நகரத்து மருத்துவமனையில் ஆளில்லாமல் இறந்துபோன ஏழைக் கறுப்பின மக்கள் அவர்களில் மிகுதி. ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2,500க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளின் தொகுப்பு உண்டு, பெரும்பாலும் அப்படி வந்த உடல்களிலிருந்து சேர்ந்தது. எங்களுக்கு இது அந்நியமான கதை இல்லை. 1860க்கும் 1911க்கும் இடையில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1,52,000 பேருக்கு மேல் வந்து இறங்கிய மண் இது. அவர்களில் என் கொள்ளுத் தாத்தாவும் ஒருவர். ஊர் பெயரைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாமல் வந்தவர்.

நிறவெறிக் காலத்தில் மேசையிலும் பிரிவினை இருந்தது. கேப் டவுனில் கறுப்பின மாணவர்கள் வெள்ளை நோயாளிகளின் வார்டுக்குள் போகக் கூடாது, வெள்ளையரின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்வதைப் பார்க்கக் கூடாது. 1997இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் மருத்துவத் துறையை விசாரித்தபோது இதையெல்லாம் பலர் சாட்சியாகச் சொன்னார்கள். கோர்மாக் தன் கணக்கைத் தொடங்கிய க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையிலேயே வார்டுகள் அப்போது நிறத்தால் பிரிந்திருந்தன. டர்பனில் 1951இல் தொடங்கிய நேட்டால் மருத்துவப் பள்ளி கறுப்பின, இந்திய, கலப்பின மாணவர்களுக்கென்றே இருந்தது. நிறவெறியை எதிர்த்த கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிகோ படித்தது அங்கே. எங்கள் ஊரின் மூத்த தமிழ் மருத்துவர்கள் பலர் அங்கே படித்து, கிங் எட்வர்ட் மருத்துவமனையில் தொழில் பழகியவர்கள்.

இன்று விருப்பத்தோடு தானம் செய்யப்பட்ட உடல்களையே பயன்படுத்த வேண்டும் என்ற குரல் உலகெங்கும் உரக்க ஒலிக்கிறது, நியாயமும் அதுதான். ஆனால் தானம் போதுமான அளவு வருவதில்லை. நான் அறிந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு நாளைக்குள் தகனம், பதினாறாம் நாள் கருமாதி என்று எல்லாம் ஒரு ஒழுங்கில் நடந்தாக வேண்டும். உடல் ஓராண்டு, ஈராண்டு மருத்துவப் பள்ளியில் இருக்கும் என்றால் கேட்கவே சங்கடப்படுகிறார்கள். அந்தச் சங்கடத்தை நான் மதிக்கிறேன். ஸ்கேன் படம் இங்கே ஒரு பெரிய வழியைத் திறக்கிறது: ஒருவர் சிகிச்சைக்காக எடுத்த படம், அவர் சம்மதித்தால், அவர் குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் ஆயிரம் பேருக்குப் பாடம் சொல்லும்.

சம்மதித்தால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1994இல் வெளியான புகழ்பெற்ற மனித உடல் படத்தொகுப்பில், ஒரு ஆணின் உடலை 1 மில்லிமீட்டர் தட்டுகளாக, 1,871 தட்டுகள் சீவிப் படம் எடுத்திருந்தார்கள். உலகின் பல கணினிப் பாடங்கள் இன்றும் அதிலிருந்து பிறந்தவை. அந்த மனிதர் டெக்சாஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கைதி. கையெழுத்துப் போட்டிருந்தார், ஆனால் தண்டனைக்குக் காத்திருப்பவரின் கையெழுத்து எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. நம் மருத்துவமனைக் கணினியிலிருந்து படத்தை எடுத்து வகுப்பில் போடுவதும் சாதாரண விஷயம் இல்லை. மூலையில் இருக்கும் பெயரை அழித்தால் போதாது. தலையின் சிடி தட்டுகளை அடுக்கி முப்பரிமாணமாகக் கட்டினால் முகமே வந்துவிடும். இந்த நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை இதற்காகவே மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருகிறேன். நண்பனின் ஸ்கேனைக் கைப்பேசியில் படம் பிடிக்கக் கூடாது என்பது என் வகுப்பின் முதல் விதி.

மாணவர்களை வைத்து ஸ்கேன் செய்வதில் இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. சிடி எடுத்துக் காட்டக் கூடாது. வயிற்று சிடி ஒன்றுக்கு 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து ஒருவருக்கு ஆண்டு முழுக்கக் கிடைப்பது உலக சராசரியில் 2.4. பாடத்துக்காக அதைக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை, ஆகவே அல்ட்ராசவுண்ட் மட்டும். அதிலும் எதிர்பாராதது தெரிந்துவிடலாம். ஆயிரத்தில் ஒருவர் போல ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறக்கிறார், அநேகமானோர் அது தெரியாமலே வாழ்கிறார்கள். இருபது நண்பர்கள் நின்று பார்க்கும்போது அது திரையில் தெரிந்தால்? யார் சொல்வது, எங்கே அனுப்புவது என்று முன்னமே பேசி வைத்திருக்க வேண்டும். படுக்க விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது, காரணமும் கேட்கக் கூடாது.

இங்கிலாந்தில் 2002இல் தொடங்கிய பெனின்சுலா மருத்துவப் பள்ளி உடல்களே இல்லாமல், படங்களையும் உயிருள்ள உடலையும் வைத்தே உடற்கூறு கற்பிக்க முடிவு செய்தது. அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகம் 2006 முதல் அல்ட்ராசவுண்டைப் படிப்பு முழுக்கச் சேர்த்தது. உடலையும் விடாமல் படத்தையும் சேர்க்கும் இரண்டாவது வழிதான் எனக்குச் சரி என்று படுகிறது. மெல்லிய நரம்புகள் பல சிடியில் தெரிவதே இல்லை. திசுக்களை மூடியிருக்கும் மெல்லிய உறையை விரலால் விலக்கும்போது வரும் உணர்வைத் திரை தராது. கணினியில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள் என்று வண்ணம் தீட்டியே பார்த்தவர், அறுவை அறையில் எல்லாம் ஒரே நிறமாகக் கிடக்கும்போது திணறிப்போவார். படுக்கை அளவு தொடுதிரை மேசைகள் வந்திருக்கின்றன, விரலால் தட்டினால் தசை விலகும், எலும்பு தெரியும். நல்ல கருவிதான். ஆனால் அதற்குள் இருப்பவை ஒரு சில உடல்களே, வேறு நாட்டவை. மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் வகுப்பு நடுவில் அந்த வகைத் திரை அணைந்துவிட, நானும் மாணவர்களும் சன்னல் வெளிச்சத்தில் எலும்புகளை எடுத்து வைத்துப் பாடத்தைத் தொடர்ந்ததும் உண்டு.

அதைவிட, நம் ஊர் மருத்துவமனைகளின் கணினியில் இருக்கும் படங்கள் எனக்குப் பெரிய செல்வமாகத் தெரிகின்றன. டர்பனின் கேட்டோ மேனரில், ஒரு காலத்தில் தமிழர்கள் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்து, பின்னர் நிறவெறிச் சட்டத்தால் வெளியேற்றப்பட்ட அதே பகுதியில், இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனை இருக்கிறது. 2002இல் தொடங்கும்போதே காகிதமும் பிலிமும் இல்லாமல் எல்லாவற்றையும் கணினியில் வைத்த மருத்துவமனை அது. அப்படிச் சேர்ந்த படங்களில் பிள்ளைகள், கர்ப்பிணிகள், இளைஞர்கள், காசநோய் வந்தவர்கள், எல்லா நிறத்தவரும் இருப்பார்கள். உடற்கூறு மேசைக்கு ஒருபோதும் வராதவர்கள்.

என் வகுப்பு நடக்கும் முறை எளிது. மேசையில் உடல், தலைமாட்டுச் சுவரில் அதே மட்டத்தின் சிடி தட்டு, பக்கத்துக் கட்டிலில் அல்ட்ராசவுண்ட். எதையும் பார்க்கும் முன் மாணவர்கள் ஒரு வெள்ளைத் தாளில், இந்த மட்டத்தில் வெட்டினால் என்னென்ன தெரியும் என்று வரைய வேண்டும். தப்பாக வரைந்தாலும் பரவாயில்லை. அப்புறம் கால்மாட்டுக்குப் போய் நிற்பார்கள். தங்கள் தாளையும் தட்டையும் உடலையும் ஒப்பிட்டு, தவறிய இடத்தைச் சிவப்பு மையில் திருத்துவார்கள். முதல் மாதத் தாள்கள் சிவப்பாகவே இருக்கும்.

மண்டபத்தின் வாசல் பக்கச் சுவரில் ஆறு எக்ஸ்ரே படங்களை வரிசையாக ஒட்டியிருக்கிறேன். ஆறு பிள்ளைகளின் முழங்கைகள், வயது 1, 3, 5, 7, 9, 11. பெற்றோர் சம்மதித்துத் தந்தவை, பெயர் எதுவும் இல்லை. கை கழுவப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற போக்கில் சிலர் நின்று, உள்பக்க மேட்டின் மேல் விரலை வைத்து, பிறகு தங்கள் முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.